அணைத்த பிறகும் மூச்சுவிட்ட விளக்கு

புதிதாகச் சேர்ந்திருக்கும் பையன்களுக்கு ஏதாவது பேசுங்கள் என்று கம்பெனியில் கேட்டார்கள். எனக்குக் கூட்டத்தில் வாய் வராது. எழுதித் தருகிறேன் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். தொடக்கப்பள்ளியோடு நின்ற படிப்பு என்னுடையது. தோள்பட்டை ஒத்துழைக்காததால் வேலையை விட்டு இப்போது வீட்டில் இருக்கிறேன். எந்தக் கேபிள் எத்தனை ஆம்பியர் தாங்கும் என்பதை வகுப்பில் சொல்லித் தருவார்கள். நான் காற்றைப் பற்றிச் சொல்கிறேன்.

மின்சாரத்தை நிறுத்துவது சுவிட்ச் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். சுவிட்ச் வெறும் கைப்பிடி. இழுத்ததும் இரண்டு செம்புத் துண்டுகள் விலகும். அவற்றுக்கு நடுவில் காற்று வந்து உட்காரும். நிறுத்துவது அந்தக் காற்றுதான். நாம் உயிரோடு வீடு திரும்புவது அதை நம்பித்தான்.

மின்சாரத்துக்கு மட்டும் இல்லை. உங்கள் சமையலறைக் குழாயின் வாய், தொட்டியில் எவ்வளவு தண்ணீர் நின்றாலும் அதைத் தொடாத உயரத்தில் இருப்பதைப் பாருங்கள். தொட்டால், குழாயில் அழுத்தம் குறையும் நேரத்தில் அழுக்குத் தண்ணீர் பின்னோக்கி ஏறி எல்லார் வீட்டுத் தண்ணீரிலும் கலக்கும். துவாஸ் தொழிற்பேட்டையில் நான் வேலை பார்த்த ஓர் ஆலையில் ஒரு கணினியைத் தனி அறையில் வைத்திருந்தார்கள். வெளி உலகத்திலிருந்து ஒரு வயர்கூட அதற்குள் போகாது. அதைச் சுற்றி விட்டிருக்கும் இடைவெளிக்கும் காற்று என்றுதான் பெயர் சொன்னார்கள்.

ஆனால் காற்று சுவர் இல்லை. ஜூரோங்கில் உயர் அழுத்தக் கம்பிகளுக்குக் கீழே தூறலில் நின்றிருக்கிறேன். தலைக்கு மேல் யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சுவிடுவது போல ஒரு சத்தம் வரும். கை ரோமம் தானாக நிமிரும். அந்தச் சத்தம் காற்று தாங்கிக்கொண்டிருக்கும் சத்தம். அதைக் கேட்ட நாளிலிருந்து வெற்றிடம் என்று எதையும் நான் நினைப்பதில்லை.

எனக்குத் தொழில் பழக்கியவர் ஜூரோங் கப்பல் பட்டறையில் இருந்த ஒரு மலாய்க்கார போர்மேன். பேரைச் சொல்ல மாட்டேன், அவருக்குப் பிடிக்காது. அவரிடம் இரண்டு வார்த்தைகள் இருந்தன. சுவிட்சைத் திறந்ததும் குனிந்து, செம்புத் துண்டுகளுக்கு நடுவே மறுபக்கம் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு, "அடா ஆஙின்?" என்பார். காற்று இருக்கிறதா என்று அர்த்தம். நாங்கள் பார்த்துவிட்டு "அடா" என்று சொன்ன பிறகுதான் கை வைக்க விடுவார்.

இன்னொரு வார்த்தை "அங்காட்!" தூக்கு என்று பொருள். அந்தச் சத்தம் கேட்டால் கையில் எது இருந்தாலும் விட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கிவிட வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது. முதலில் கை, அப்புறம் கேள்வி. சாப்பாட்டு நேரத்தில்கூட விட மாட்டார். பரோட்டாவைப் பிய்த்து வாய்க்குக் கொண்டுபோகும்போது பின்னால் வந்து "அங்காட்!" என்பார். பரோட்டா குழம்புக்குள் விழும், எங்கள் கைகள் மேலே நிற்கும். அவர் ஒன்றும் நடக்காதது போலப் போய்விடுவார். பட்டறையை விட்டு வந்த பிறகும் நான் போன இடமெல்லாம் இந்த இரண்டு வார்த்தைகளும் கூடவே வந்தன. தமிழ்ப் பையன்கள் முதலாவதை மட்டும் "காத்து இருக்கா?" என்று மாற்றிக்கொண்டார்கள்.

இனி நான் சொல்ல வந்தது.

சில வருஷங்களுக்கு முன்பு, தமிழர் கடைகள் நெருங்கிய தேக்காவில் ஒரு பழைய கடைவீட்டில் வயரிங்கை மாற்றப் போயிருந்தோம். கீழே மாலைக் கடை, பின்பக்கம் சமையலறை, மேலே மரத்தளம் போட்ட அறைகள். கடைக்காரர் கமலாம்மா. கணவர் இறந்து ஒரு வருஷம் ஆகவில்லை. தனியாக இருந்தார். கடைக்கு முன்னால் கூரை போட்ட ஐந்தடி நடைபாதையில் உட்கார்ந்து அவர் வாடிக்கையாளரைக் கூப்பிட்டால் எதிர்ச்சாரிக் கடையில் நிற்பவர்களும் திரும்பிப் பார்ப்பார்கள். அப்படி ஒரு குரல்.

அந்தக் கடையும் பக்கத்துக் கடையும் ஒரு காலத்தில் ஒன்று. அண்ணன் தம்பி சேர்ந்து நடத்தியது. அப்புறம் ஏதோ சண்டை வந்து நடுவில் சுவர் எழுப்பிவிட்டார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் கமலாம்மாவின் கொழுந்தனார் ராஜு பூஜைச் சாமான்கள் விற்றுக்கொண்டிருந்தார். அண்ணன் சாவுக்குக்கூட வாசலிலேயே நின்றுவிட்டுப் போனாராம்.

"அந்த ஆளு பேர எடுக்காதீங்க," என்று முதல் நாளே கமலாம்மா சொல்லிவிட்டார். "செத்தாலும் அவன் வாசல்ல நான் செருப்பு கழட்ட மாட்டேன்."

என்னோடு வேலைக்கு வந்தவன் செல்வம். புதுக்கோட்டைப் பக்கத்துக்காரன். துவாஸ் தங்கும் விடுதியிலிருந்து தினமும் லாரியில் வருவான். நான் பேசாததையும் சேர்த்து அவன் பேசுவான். மாடி அறையில் மாட்டியிருந்த கணவரின் படத்தைப் பார்த்து, "அம்மா, ஐயா என்னையே பாக்குறாரு. வேல ஒழுங்கா செய்றேனான்னு செக் பண்றாரா?" என்றான்.

"உயிரோட இருந்தப்பவே அவரு யாரு வேலையையும் நல்லாருக்குன்னு சொன்னதில்ல லா. நீ வயரப் பாரு," என்றார் கமலாம்மா.

படத்துக்கு முன்னால் ஒரு சின்ன சிவப்பு எல்.இ.டி. விளக்கு. அதைப் பற்றித்தான் அவர் என்னிடம் தனியாகக் கேட்டார்.

"தம்பி, இத அமத்தினாலும் அணைய மாட்டேங்குது. படுக்கிறப்ப சுவிட்ச அமத்துவேன். ஆனா கங்கு மாதிரி உள்ளுக்குள்ள இருக்கும். கொஞ்ச நேரம் மங்கும், திரும்பக் கொஞ்சம் வரும். மூச்சு விடுற மாதிரி." குரலைத் தணித்துக்கொண்டார். "நான் பேசிக்கிட்டே தூங்கிருவேன். அவரு கேட்டுக்கிட்டுதான் இருக்காரு."

இது நம் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். விளக்குக்குப் போகும் வயர் சுவிட்சில் நின்றுபோனாலும், அதை ஒட்டி வேறொரு லைவ் வயர் ஓடினால், நடுவில் இருக்கும் உறையையும் காற்றையும் தாண்டி ஒரு பொட்டு மின்சாரம் இதற்குள் கசியும். பழைய பல்புக்கு அது தெரியாது. எல்.இ.டி.க்கு அது போதும். சேர்ந்து சேர்ந்து, கொஞ்சம் ஒளிர்ந்து, தீர்ந்து, மறுபடி சேரும். புது வயர் போட்டால் போய்விடும்.

"ஒண்ணுமில்லம்மா. எல்.இ.டி. லைட்டு இப்படித்தான்," என்றேன். அவர் முகம் வாடியது. அதற்கு மேல் விளக்க எனக்கு மனம் வரவில்லை.

அன்று மத்தியானம் மெயினை நிறுத்தினோம். பழைய இரும்புப் பெட்டி சுவிட்ச் அது. மூடியைத் திறந்து குனிந்து பார்த்தேன். செம்பு அலகுகள் நன்றாக விலகி நின்றன. நடுவில் பின்பக்க இரும்பு தெரிந்தது. பெட்டியிலிருந்து வெளியே போகும் வயர்களை டெஸ்டர் வைத்துப் பார்த்தேன். எதிலும் உயிர் இல்லை. பெட்டிக்குப் பூட்டுப் போட்டேன்.

சமையலறையிலிருந்து செல்வம் கத்தினான். "அண்ணே, காத்து இருக்கா?"

"இருக்கு."

நான் சொன்னது உண்மைதான். வயர்கள் எப்படி ஏறுகின்றன என்று பார்க்க மாடிக்குப் போனேன். கமலாம்மாவும் பின்னாலேயே வந்தார். வெயில் வராமல் மரச்சன்னல்களைச் சாத்தி வைத்திருந்தார். மத்தியானத்திலும் அந்த அறை இருட்டு. மின்விசிறி நின்றுவிட்டதால் வாடிய மல்லிகை வாசனை அசையாமல் நின்றது. எதிர்ச்சாரியில் ஏதோ கடையில் தரையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த அதிர்ச்சி மரத்தளம் வழியாகக் காலுக்கு வந்தது.

"பாத்தீங்களா," என்றார் கமலாம்மா.

படத்துக்கு முன்னால் சிவப்பாக ஒன்று மெல்லத் தெரிந்தது. மூடிய இமைக்குப் பின்னால் வெளிச்சம் விழுவது போல. மங்கியது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடி வந்தது.

நான் சிரித்துக்கொண்டேன். இது தெரிந்த பேய்தானே. டார்ச்சை எடுத்துச் சுவரைப் பார்க்கத் திரும்பினேன். திரும்பியவன் அப்படியே நின்றுவிட்டேன்.

பக்கத்தில் ஒரு லைவ் வயர் இருந்தால்தான் இந்தப் பேய் வரும். வீடு முழுக்க நான் நிறுத்திவிட்டேன். பூட்டும் போட்டுவிட்டேன். அப்படியானால் இது எந்த வயரின் மூச்சு?

விளக்கின் ஒளிர்வு வேகமானது. மங்குவதற்கும் வருவதற்கும் இடையில் இருந்த நேரம் குறைந்துகொண்டே வந்தது. அது என் பிரமை இல்லை, கமலாம்மாவும் பார்த்தார். "என்னங்க?" என்று படத்தைப் பார்த்துக் கேட்டார், கணவரிடம் கேட்பது போல.

விளக்கின் வயர் எங்கே போகிறது என்று டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். பழைய குழாய்க்குள் நுழைந்து, நடுச்சுவர் வழியாக நேராகக் கீழே சமையலறைக்கு இறங்கியது. அந்தக் குழாயின் கீழ் வாயில்தான் செல்வம் குந்தியிருந்தான். கழுவி இன்னும் காயாத தரையில், கையில் வெட்டுக் குறடோடு. குழாயிலிருந்து வரும் பழைய வயர்களை ஒவ்வொன்றாக வெட்டி இழுப்பதுதான் அவன் வேலை. காற்று இருக்கிறது என்று நான் சொல்லிவிட்டேன். அவன் இன்னொரு முறை பார்க்க மாட்டான்.

கத்த வாயைத் திறந்தேன். "செல்வம்" என்று வந்தது, பக்கத்தில் நிற்பவரிடம் சொல்வது போல. மறுபடி முயன்றேன். எதிர்ச்சாரி இடிக்கும் சத்தத்தில் அது எனக்கே கேட்கவில்லை. படிக்கட்டோ அறையின் மறுகோடியில் இருந்தது, ஏணி போலச் செங்குத்தானது. நான் இறங்குவதற்குள் அவன் ஒரு வயரை வெட்டிவிடுவான்.

கமலாம்மாவின் கையைப் பிடித்தேன். அதற்கு முன்பு நான் அப்படி யாரையும் பிடித்ததில்லை.

"அம்மா, அங்காட்டுன்னு கத்துங்க. கீழ. சத்தமா."

அவர் ஏன் என்று கேட்கவில்லை. மரத்தளத்தின் மேல் குனிந்து, வியாபாரத்துக்குக் கூப்பிடும் அந்தக் குரலில், "அங்காட்! டேய் செல்வம், அங்காட்!" என்றார். பலகைகள் அதிர்ந்தன.

கீழே இரும்பு தரையில் விழும் சத்தம் கேட்டது.

நான் இறங்கிப் போனபோது செல்வம் சுவரில் சாய்ந்து, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். குறடு தண்ணீரில் கிடந்தது. அதன் வாய் எந்த வயரைக் கவ்வப் போனதோ அது குழாயிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மற்றவற்றைவிடப் பழையது, துணி சுற்றியது. டெஸ்டரை வைத்தேன். அதன் விளக்கு எரிந்தது.

செல்வம் அதைப் பார்த்தான். கைகளை இறக்க அவனுக்குத் தோன்றவில்லை. "எறக்குடா," என்றேன். அப்போதும் மெதுவாகத்தான் இறக்கினான்.

"காத்து இருக்குன்னீங்களே அண்ணே," என்றான். குற்றம் சொல்லும் குரல் இல்லை. குழந்தை கேட்பது போலக் கேட்டான்.

தம்பிகளே, காற்று இருந்தது. பெட்டியில் இருந்தது, அவன் கைக்கு முன்னால் இல்லை. நாங்கள் கேட்ட கேள்வி சரி, கேட்ட இடம் தப்பு. ஒரு இடைவெளி தன் இரண்டு முனைகளுக்கு மட்டும்தான் பொறுப்பு. வேறு வழியாக வருகிறவனை அது தடுக்காது. கை எங்கே போகிறதோ அங்கே சோதியுங்கள், பெட்டியில் ஆயிரம் தரம் பார்த்திருந்தாலும். இன்னொன்றும் உண்டு. அந்த மங்கல் வெளிச்சத்தைப் பார்த்து ஒன்றும் தெரியாதவன் பயந்து வேலையை நிறுத்தியிருப்பான். தெரிந்தவன் என்பதால் நான் சிரித்தேன். பேயைப் பார்த்தால் பெயர் வைத்துவிட்டுப் போகாதீர்கள். அது எங்கிருந்து சாப்பிடுகிறது என்று கேளுங்கள்.

அந்த வயர் நடுச்சுவர்க் குழாயில் வந்தது. அதனால் பக்கத்துக் கடையிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். வீடு ஒன்றாக இருந்தபோது போட்டதை, சுவர் எழுப்பியவர்கள் பிரிக்காமல் விட்டுவிட்டார்கள். சூப்பர்வைசருக்குப் போன் செய்து சொன்னேன். அவர் கிளம்பி வருவதாகச் சொன்னார். எந்த பிரேக்கர் என்று கண்டுபிடித்து அதை நிறுத்தி வைக்கும்படியும் சொன்னார். செல்வத்தைப் பக்கத்துக் கடைக்கு அனுப்பினேன். அவன் போனைக் காதில் வைத்துக்கொண்டு ராஜுவின் பெட்டிக்கு முன்னால் நின்றான். நான் டெஸ்டரோடு வயருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கமலாம்மா மாடியை விட்டு இறங்க மறுத்துவிட்டார்.

ராஜு ஒவ்வொரு பிரேக்கராக இறக்கினார். டெஸ்டர் எரிந்துகொண்டே இருந்தது.

மேலேயிருந்து கமலாம்மா குரல் கொடுத்தார். "இருக்காரு தம்பி!"

அடுத்தது.

"இருக்காரு!"

யாரும் அவரைச் சொல்லச் சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் குரலில் ஒரு சந்தோஷம் கூடியது. அதைக் கேட்க என்னால் முடியவில்லை. நான் தேடிக்கொண்டிருந்தது அவர் சொல்லாமல் போகப்போகும் ஒரு முறையை.

அடுத்தது. "இன்னும் இருக்காரு!"

அடுத்தது. என் கையில் டெஸ்டர் விளக்கு அணைந்தது.

மேலேயிருந்து சத்தம் வரவில்லை. எதிர்ச்சாரியில் இடிப்பதையும் அந்த நேரம் பார்த்து நிறுத்தியிருந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்துத் தலைக்கு மேல் மரப்பலகை ஒன்று முனகியது. அவர் உட்கார்ந்திருக்க வேண்டும்.

பிரேக்கருக்குப் பூட்டுப் போட நான் பக்கத்துக் கடைக்குப் போனேன். ராஜு பெட்டிக்குப் பக்கத்தில் இல்லை. கடையின் பின்பக்க மூலையில் எங்களுக்கு முதுகு காட்டி நின்றார். அவருக்கு முன்னால் சுவரில் ஒரு படம். மேலே பார்த்துவிட்டு வந்த அதே முகம், வயதில் மட்டும் இளையது. பக்கத்தில் பள்ளிச் சீருடையில், ராஜுவின் சாடையில் ஒரு சிறுவன். படத்துக்கு முன்னால் ஒரு விளக்கு. அப்போதுதான் அணைந்திருந்தது.

"இந்த மூலைக்கு மட்டும் பழைய வயரு தம்பி," என்றார் திரும்பாமல். "அண்ணன் சாவுக்கு உள்ள போகல. இந்த விளக்கு அன்னைக்குப் போட்டது. அணைச்சதே இல்ல."

மேலே கமலாம்மா பேசிக்கொண்டே தூங்கத் துணையிருந்த அந்த மூச்சு, இந்த விளக்குக்கு வந்த மின்சாரம் வழியில் கசிந்ததுதான்.

"அண்ணிகிட்ட சொல்லிராதீங்க," என்றார் ராஜு. "இருந்தப்ப இல்லாத பாசம் இப்ப என்னடான்னு கேப்பாங்க. கேட்டா நியாயம்தான்."

சூப்பர்வைசர் வந்து பார்த்தார். பழைய வயரை இரண்டு பக்கமும் பிரித்து எடுத்தோம். ராஜுவின் மூலைக்கு அவர் வீட்டுக்குள்ளேயே புது வயர் போட்டுக் கொடுத்தோம். செல்வம் ஒவ்வொரு முனையையும் தொடுவதற்கு முன்னால் டெஸ்டர் வைத்தான். நான் வைத்ததற்குப் பிறகும் வைத்தான். இன்றுவரை அப்படித்தான் செய்கிறான் என்று கேள்வி.

சாயங்காலம் கமலாம்மா வீட்டுக்கு மின்சாரம் கொடுத்தோம். அவர் மாடிக்குப் போய் அந்த விளக்கைப் போட்டார். எரிந்தது. அணைத்தார். வெறும் இருட்டு. நானும் அவரும் அந்த இருட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம். படத்தின் கண்ணாடிகூடத் தெரியவில்லை.

"அங்கேர்ந்து வந்ததா தம்பி?"

"ஆமாம்மா."

"அவன் வீட்டுல என்னதான் எரிஞ்சுது?"

பேசாமல் இருப்பது எனக்கு எப்போதும் சுலபம். அன்று அது சுலபமாக இல்லை. ராஜு சொல்லாதீர்கள் என்று கேட்டிருந்தார். ஒரே சுவரின் இரண்டு பக்கமும் ஒரே ஆளுக்கு இரண்டு பேர் விளக்கு வைத்திருக்கிறார்கள். ஒன்றின் உயிர் இன்னொன்றில் கசிந்திருக்கிறது. அந்த வயரை எடுத்தவன் நான்.

"ஒரு விளக்கும்மா," என்றேன்.

"யாருக்கு?"

படம் இருந்த இடத்தைப் பார்த்தேன். இருட்டில் நான் எங்கே பார்க்கிறேன் என்று அவருக்கு எப்படித் தெரிந்ததோ. வேறெதுவும் கேட்காமல் படி இறங்கினார்.

செல்வமும் நானும் சாமான்களை எடுத்துக்கொண்டு வெளியே வந்தபோது அவர் ஐந்தடி நடைபாதையில் நின்றிருந்தார். இரண்டு கடைகளுக்கும் நடுவில் தரை ஓட்டின் நிறம் மாறும் இடம் அது. கால்விரல்கள் அந்தக் கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தன. அந்தப் பக்கம், கை நீட்டினால் எட்டும் தூரத்தில், ராஜு ஊதுவத்திக் கட்டுகளை அடுக்குவது போல நின்றார். எதையும் அடுக்கவில்லை. அவருக்குப் பின்னால், கடையின் மூலையில், புது வயரில் அந்த விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அந்த வேகமான மூச்சைப் பற்றி நான் யாரிடமும் கேட்டதில்லை. மெயினை நிறுத்தியதில் ஏதோ மாறியிருக்கும். காரணம் இல்லாமல் இருக்காது. எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

"அண்ணே, லாரி வந்துருச்சு," என்றான் செல்வம். அன்று மத்தியானத்துக்குப் பிறகு அவன் பேசிய முதல் வார்த்தை அது.

லாரியில் ஏறிவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். கமலாம்மா ராஜுவின் வாசலில் குனிந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.